நாலு கதவு, ஒன்பது யன்னல்

உறுதியில் இந்த வீடு நேசமலரின் பெயரில்.
வடக்கே அவள் அக்காவின் வேலி, கிழக்கே ஒழுங்கை.
சாட்சிக் கையெழுத்தில்கூட நான் இல்லை.
ஒரு சூட்கேசோடு வந்தேன்,
பிறகு ஒரு சீவுளி வாங்கினேன்.

தேற்றாத்தீவில்
கடலுக்கும் வாவிக்கும் நடுவே
இரும்பு அதிக நாள் உயிரோடு இருப்பதில்லை.
பிணைச்சல் முதலில் முனகும்,
பிறகு சுவரில் சிவப்பாய் வடியும்,
ஒரு நாள் கொண்டி கையோடு கழன்று வரும்.
அரத்தாளால் கறளைத் தேய்த்து
தையல் மெசின் எண்ணெய் மூன்று சொட்டு, போதும்.
தேங்காயெண்ணெய் விட்ட வருசம்
எறும்புகள் வந்து குடும்பம் நடத்தின.

முன்கதவு முதிரை.
கலியாணம் முடித்த முதல் மார்கழி,
மூன்று நாள் அடைமழையில்
ஊதி நிலையோடு இறுகிக்கொண்டது.
வெளியே நின்று மாமனார் தோளால் இடித்தார்.
உள்ளே நின்று நான் இழுத்தேன்.
மூன்றாம் இடியில்
நனைந்த குடையோடு என் காலடியில் வந்து விழுந்தார்.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.
அன்று பின்னேரமே சீவத் தொடங்கினேன்.

"இப்ப சீவாதீங்க" என்றாள் நேசமலர்,
"மறுகா பங்குனியில பாருங்க."
மரத்தைப் பற்றி இவளுக்கென்ன தெரியும்,
ஈரச் சுருள்கள் கணுக்கால் வரை குவிந்தன.

பங்குனியில் பார்த்தேன்.
மேல் மூலையில் விரல் நுழையும் வெளிச்சம்.

அதற்குள்ளால் வந்தவை:
கச்சானில் மணல்,
ஒரு பல்லிக்குஞ்சு,
அக்கா வீட்டு ரீவியின் அழுகை,
ஒரு முறை மடித்துச் செருகிய கரண்ட் பில்.
நேசமலர் அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, பிறகும் இல்லை.
வந்த ஆட்கள் அண்ணாந்து பார்த்தால் மட்டும்
"அது இவரிட இடைவெளி" என்பாள்,
என் தம்பியை அறிமுகம் செய்வதுபோல.

இப்போது மாரியில் நான் சீவுவதில்லை.
கதவின் விளிம்பில் வெண்கட்டி பூசி
மூடித் திறந்து
நிலையில் வெள்ளை ஒட்டிய இடத்தில்
பென்சிலால் கோடு, பக்கத்தில் திகதி.
மெழுகுதிரி தேய்த்து மழையைக் கடத்தினால்
சித்திரையில் அந்தக் கோடுகள் பாதிக்கு
ஒரு வேலையும் இல்லை.
மரம் தானாகவே இறங்கியிருக்கும்.

யன்னல்கள் ஒன்பதில்
மூன்றாவதுக்குக் கண்ணாடி இல்லாத இடத்தில் பிஸ்கட் தகரம்.
மருதமுனையிலிருந்து வந்த ஆதம்பாவா ஓடாவி
கறையான் தட்டிப் பார்த்து,
"நிலை நல்லம், ஆள் பாக்கிற வீடு" என்றார்.
அந்த ஒரு சொல்லுக்காக
கூலியோடு ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்துவிட்டேன்.

வைகாசியில் டிலக்சனாவுக்குக் கலியாணம்.
வீடு அவளுக்கு.
பின்வளவில் எங்களுக்கு இரண்டறை எழும்புகிறது,
அலுமினியக் கதவு.
ஊதாது, கறள் பிடிக்காது,
அதற்கு என்னோடு ஒரு கதையும் இல்லை.

மாப்பிள்ளை செங்கலடிப் பெடியன், வங்கியில் வேலை.
போன ஞாயிறு கதவைத் தடவிப் பார்த்தான்.
மழை, நன்றாக ஊதியிருந்தது.
"மாமா, சீவுளி இருக்கா?"
நான் டிலக்சனாவைப் பார்த்தேன்.
அவள் வாய் திறந்தாள்.
நான் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

நேற்று திறப்புகளை எண்ணி
ஒவ்வொன்றிலும் நூல் கட்டி வைத்தேன்.
பின்கதவுத் திறப்பு மட்டும் என் சேட்டுப் பையில்.
நேசமலர் கையை நீட்டினாள்.
"இனித் தட்டிப்போட்டு வரப் பழகுங்க."

இன்று காலை
ஆளில்லாத நேரம் பார்த்து ஒழுங்கைப் பக்கம் போனேன்.
இருபத்தாறு வருசமாய்
எண்ணெய் விட்ட, மை பூசின, பிழையாய்ச் சீவின கதவு.
வெளியே நின்று ஒரு நாளும் இதை நான் தட்டியதில்லை.
இரண்டு தரம் தட்டினேன்.
முதிரை, நல்ல ஆழமான சத்தம்.

உள்ளேயிருந்து கேட்டாள்:
"ஆரது?"